பத்து மணிச் சங்கு

அலுவலக மொட்டைமாடியில் சங்கின் பொத்தானை அழுத்தியதும் வரதன் காக்கைகளைத்தான் பார்ப்பார். தென்னைகளிலிருந்து அவை ஒரே வீச்சில் எழும்பினால் சங்கு ஊதிவிட்டது என்று பொருள். அப்புறம் கைப்பிடிச் சுவரோரம் வந்து, தெருவுக்கு ஒன்றாக ஆறு வீட்டு மாடிகளில் சிவப்புத் துணி ஏறுகிறதா என்று பார்ப்பார். சத்தம் எட்டிய வீடு துணி கட்ட வேண்டும். சுனாமிக்கு மறு வருடம் அவரே வீடு வீடாய்க் கெஞ்சி உண்டாக்கிய ஏற்பாடு இது.

புதுப்பட்டினத்தில் ஆபத்துச் சங்கைக் காப்பதும், மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதை ஊதிச் சோதிப்பதும் அவர் உத்தியோகம். எதிரே யார் பேசினாலும், "இன்னா, வாய்க்குள்ளயே மென்னுகினு கீற?" என்று அதட்டுவார். பாவம், குறை அவர்கள் வாயில் இல்லை. பதினைந்து வருடம் சங்கின் காலடியில் நின்றதில் அவர் காது போய்விட்டது. கடலுக்கடியில் யாரோ பெருமூச்சு விடுவதுபோலத்தான் அவருக்குச் சங்கு கேட்கும். பேச்சை உதட்டசைவில் படித்துச் சமாளிப்பார். இது மனைவி செங்கம்மாளுக்கு மட்டும் தெரியும். அலுவலகத்துக்குத் தெரிந்தால் கீழே பதிவேட்டு மேசைக்குத் தள்ளிவிடுவார்கள்.

போன மாதம் ஐந்து துணிகள்தான் ஏறின. கடலோரத் தெருவில் சம்பூர்ணத்தின் மாடி வெறுமையாக இருந்தது. சத்தம் அங்கே எட்டவில்லையோ என்று பதறிப்போய் சைக்கிளை மிதித்தார். அவள் சாவகாசமாகக் களைந்த அரிசியை உலையில் போட்டுக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைச் சங்கு அந்தத் தெருவுக்கு உலை வைக்கிற மணியாகியிருந்தது.

"ஊதிச்சி அண்ணாத்த. துணிதான் மறந்துட்டேன்."

"நெசமாவே அலை வந்தாலும் சோறு ஆக்கிகினு இருப்பியா?"

"நீதான் மேல கீறியே. உனுக்குத் தெரியாமயா பூடும்?"

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வரதனுக்குச் சுருக்கென்றது. ஆபத்தென்று சொல்ல அலுவலகப் போன் மணி அடித்தாலும் தன் காதில் விழாதே! திரும்பும்போது சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். வெயில், கருவாட்டு வாசம், பக்கத்திலேயே சத்தமில்லாமல் உடையும் அலைகள். எவ்வளவு தூரம் நடந்தார் என்று அவருக்கே நினைவில்லை. அலுவலகம் வந்ததும் நேராக அதிகாரி முன்னால் போய் நின்றார்.

"சார், எனுக்குக் காது கேக்கல."

இந்தச் சனிக்கிழமை பொத்தானை அழுத்தியவள் புதிதாக வந்த கவியா. வரதனுக்குக் கீழே மேசை வேலை. ஆனாலும் பத்து மணிக்கு, யாரும் கூப்பிடாமலே மாடியேறி வந்தார். காக்கைகளைப் பார்க்கவில்லை, துணிகளையும் எண்ணவில்லை. சங்கைத் தாங்கும் இரும்புத் தூணில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தூண் அதிர்ந்து அடங்கும்வரை அப்படியே நின்றுவிட்டு, கவியாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

"கேக்குதும்மா."