எல்லாப் போர்ட்டும் திறந்து கிடந்த ஒன்பது நாள்

கோகுல்நாத் கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. போசரியில் கியர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பொறுப்பு அவருடையது. வீடு கோந்த்வாவில், நாலாவது மாடி. கல்யாணமான மகள் வெளியூரில் இருந்ததால் வீட்டில் அவரும் மனைவி ஸ்ரீரஞ்சனியும்தான்.

பழைய இயந்திரங்கள் என்றால் அவருக்கு உயிர். செய்த கம்பெனியே மூடிப்போன லேத்துகள், கிரைண்டிங் மெஷின்கள் இன்னும் எத்தனையோ பட்டறைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழுதானால் பிரித்துப் பார்க்கக் கையேடு கிடைக்காது. கோகுல்நாத் அப்படிப்பட்ட கையேடுகளைத் தேடிப் பிடித்து, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்தார். அறுநூறுக்கும் மேல் இருக்கும். அவற்றை, ஒருவர் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொருவருக்கு நேராகக் கோப்பு போகும் டொரன்ட் மூலம், கேட்கிறவர்களுக்கெல்லாம் கிடைக்கும்படி வைத்திருந்தார்.

ஆனால் கிடைக்கவில்லை. துருக்கியில் ஒரு மெக்கானிக், மூன்று சதவீதத்தில் நின்றுபோய் இரண்டு வாரமாகிறது என்று எழுதியிருந்தார். மென்பொருளைத் திறந்தால் கீழே ஒரு மஞ்சள் அடையாளம்: போர்ட் மூடியிருக்கிறது.

வீட்டு ரௌட்டர் ஓர் அபார்ட்மென்ட் வாட்ச்மேனைப் போல. உள்ளே இருந்து போகிறவர்களைத் தடுக்காது. வெளியே இருந்து யாராவது வந்தால், யார் வீட்டுக்கு அனுப்புவது என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிடும். இந்தப் போர்ட் எண்ணைச் சொல்லி வருகிறவரை இந்தக் கம்ப்யூட்டருக்கு விடு என்று அதில் எழுதிவைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங். கோகுல்நாத் எழுதிவைத்தார். மஞ்சள் மாறவில்லை. கரண்ட் போய் வரும்போதெல்லாம் கம்ப்யூட்டரின் உள்முகவரி மாறிவிடுகிறது என்று கண்டுபிடித்து, அதை நிலையாக்கினார். மாறவில்லை. இன்டர்நெட் கம்பெனி நூறு வீடுகளை ஒரே வெளிமுகவரிக்குப் பின்னால் அடைத்திருக்கிறது என்று தெரிந்து, நாலு முறை போன் செய்து, தனி முகவரி வாங்கினார். அப்போதும் மாறவில்லை.

முயற்சி தொடங்கிய மூன்றாவது வாரம், வியாழக்கிழமை சாயங்காலம் அவருக்குப் பொறுமை போயிற்று. வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வாலைக் கம்ப்யூட்டரில் அணைத்தார். ரௌட்டரில் டிஎம்ஸெட் என்றொரு வசதி இருந்தது. வருகிறவர் எந்த எண்ணைச் சொன்னாலும் கேள்வி கேட்காமல் இந்த ஒரு கம்ப்யூட்டருக்கே விட்டுவிடு என்பது அதன் பொருள். அதையும் போட்டார். அடையாளம் பச்சையானது. ஐந்தே நிமிஷத்தில் துருக்கிக்காரர் பன்னிரண்டு சதவீதம் தாண்டினார். கோகுல்நாத் கையைத் தட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய், "ரஞ்சனி, ஓடிருச்சு!" என்றார்.

எது தடுக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் எல்லாவற்றையும் திறந்தார். தெரிந்ததும் மூடிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். மறுநாள் தொழிற்சாலையில் ஒரு பெரிய பிரஸ் நின்றுபோனது. அந்த வேலையில் இது மறந்தே போயிற்று.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, மத்தியானம் மூன்றரை மணி. ரஞ்சனி வெளியே போயிருந்தார். கோகுல்நாத் ஒரு கையேட்டின் பக்கங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். கை மவுஸில் இருக்கும்போதே திரை மாறி, கடவுச்சொல் கேட்டு நின்றது. ஏதோ விசையில் கை பட்டிருக்கும் என்று நினைத்துக் கடவுச்சொல்லைப் போட்டார். திறந்தது. அவர் திறக்காத ஒரு ஜன்னல் நடுவில் இருந்தது. ஏதோ ஒன்று பதிவிறங்கிக்கொண்டிருந்தது. அது என்னவென்று படிப்பதற்குள் திரை மறுபடியும் பூட்டிக்கொண்டது.

அப்போதுதான் புரிந்தது. கொரோனா நாட்களில், படுக்கையறை லேப்டாப்பிலிருந்து வேலை செய்வதற்காக இந்தக் கம்ப்யூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவைத்திருந்தார். வேறொருவர் எங்கிருந்தோ அது வழியாக உள்ளே நுழையும்போது, நேரில் உட்கார்ந்திருப்பவரை அது வெளியே தள்ளிவிடும். கடவுச்சொல் அவர் பெயரும் ஒன்று, இரண்டு, மூன்றும்.

மின்விசிறி ஓடும் அந்த வெறும் ஹாலில், தன் பக்கத்தில் ஒருவன் நிற்பது போல இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டருக்குப் பின்னால் கைவிட்டு இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். வயரோடு ரௌட்டரும் சேர்ந்து கீழே விழுந்தது.

கையேடுகள் போனால் போகட்டும். அவரைக் கலக்கியது அதே கம்ப்யூட்டரில் 'ரஞ்சனி' என்ற பெயரில் இருந்த இன்னொரு ஃபோல்டர்.

ஸ்ரீரஞ்சனி புனேவின் கேம்ப் பகுதியில் ஒரு பெண்கள் காப்பகத்தில் வேலை பார்த்தார். அடி தாங்காமல் வீட்டைவிட்டு வந்த பெண்கள் தங்கும் இடம். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. கோர்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய காகிதங்களை ரஞ்சனி வீட்டுக்குக் கொண்டுவந்து இங்கேதான் ஸ்கேன் செய்வார். பெண்களின் பெயர், போட்டோ, காயங்களின் மருத்துவ அறிக்கை, காப்பகத்தின் முகவரி எல்லாம் அந்த ஃபோல்டரில் இருந்தன. வைஷாலி என்ற பெண்ணின் காகிதங்களும் இருந்தன. அவளுடைய கணவன் ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். அவளுடைய போனுக்குள் எதையோ போட்டுவைத்து, இதற்கு முன்பு இரண்டு முறை அவள் ஒளிந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்தவன்.

கோகுல்நாத் மறுபடி கம்ப்யூட்டருக்குள் போய், யார் எப்போது நுழைந்தார்கள் என்று குறித்துவைக்கும் பாதுகாப்புப் பதிவுகளைத் திறந்தார். தவறான கடவுச்சொல்லோடு முயன்றவை மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல். ஒன்பது நாளும் இடைவிடாமல் யார் யாரோ தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள், அவர் தூங்கும்போதும், அந்த ஹாலில் உட்கார்ந்து சாப்பிடும்போதும். வெற்றிகரமாக நுழைந்தவை மூன்று. முதல் முறை முந்தாநாள், வியாழக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு. வீட்டில் யாரும் இல்லாத நேரம்.

ஒரு கணம் ஒரு கேவலமான யோசனை வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பதிவுகளை அழிக்கும் பொத்தான் மேல் மவுஸைக் கொண்டுபோய்க்கூட வைத்தார். அப்புறம் அந்தப் பெண்ணின் போட்டோ நினைவுக்கு வந்தது. ஸ்கேன் கோணலாக வருகிறது என்று ரஞ்சனி கூப்பிட்டபோது அவரே சரிசெய்து கொடுத்த போட்டோ. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

போனை எடுத்தார்.

"ரஞ்சனி, எங்கிருக்க?"

"காப்பகத்துலதானுங்க. ஏனுங்க, குரலு ஒரு மாதிரி இருக்குது?"

"நம்ம கம்ப்யூட்டருக்குள்ள வெளியாளு யாரோ வந்துட்டாங்க. நாந்தான் தொறந்து போட்டுட்டேன். உன்ற ஃபைலெல்லாம் அதுலதானே இருக்குது…"

மறுமுனையில் ஏதோ ஒரு குழந்தை அழுதது.

"எத்தன நாளா?" என்றார் ரஞ்சனி.

"ஒம்போது நாளு."

"வண்டிய எடுத்துட்டு வாங்க. இப்பவே."

காப்பகத்தை நடத்தும் ஜமீலா அவரை ஹாலில் உட்காரவைத்து, நடந்ததைக் கேட்டார். ஒல்லியான பெண்மணி, அறுபது வயதிருக்கும். கோபப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்திருந்தார் கோகுல்நாத். ஜமீலா இந்தியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வந்தது வைஷாலியின் கணவன் இல்லை என்று உங்களால் சத்தியம் பண்ண முடியுமா?"

"முடியாது, தீதி."

ஜமீலா எழுந்துபோனார். அரைமணி நேரத்தில் ஐந்து பெண்களும் மூன்று குழந்தைகளும் பைகளோடு வாசலில் நின்றார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் கிளம்பிப் பழகியிருந்தார்கள் என்பது அவருக்கு இன்னும் வலித்தது. இரண்டு நடையாக அவர்களை ஸ்வார்கேட் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்தில் வந்து நிற்கும் பைக் ஓட்டுபவனைப் பார்த்தார். ஹெல்மெட் போட்டவர்கள் எல்லோரும் வைஷாலியின் கணவனாகத் தெரிந்தார்கள். காரின் பின்சீட்டில் வைஷாலி துப்பட்டாவால் முகத்தை மூடி, தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டு வந்தாள்.

பஸ் நிலையத்தில் ரஞ்சனியும் இறங்கினார். "எங்க போறோம்னு கேக்காதீங்க. உங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். மனைவி தன்னிடம் ஓரிடத்தை மறைப்பது அதுதான் முதல் தடவை. மறைப்பதுதான் நியாயம் என்று அவருக்கும் பட்டது.

தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்ப்பவள் ப்ரீதி. புனேவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஞாயிறு காலை வந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துப்போனாள். அவள் கூப்பிடும்வரை மூன்று நாள் கோகுல்நாத் சரியாகச் சாப்பிடவில்லை. காலிங்பெல் அடித்தால் கதவின் துளை வழியே யாரென்று பார்த்த பிறகே திறந்தார். சைபர் போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தார்.

புதன்கிழமை ப்ரீதி பேசினாள். "அங்கிள், அது ஆளு இல்ல, ஆட்டோமேட்டிக் ப்ரோக்ராம். ஊரெல்லாம் தட்டிப் பாக்கும், திறந்தா உள்ள வரும். உங்க மெஷின்ல காயின் மைனிங் சாஃப்ட்வேர் போட்டிருக்கு, உங்க கரண்ட்ல அவங்க டிஜிட்டல் காசு பண்றது, பஸ் இத்னாஹி, அவ்ளோதான். ஆன்ட்டியோட ஃபோல்டர் ஓப்பன் பண்ணின மாதிரி ஒரு நிஷான், ஒரு தடயமும் இல்ல."

"அப்போ யாரும் பாக்கலைன்னு சொல்லலாமாம்மா?"

"அப்படி நான் சொல்ல மாட்டேன், அங்கிள். நான் பாத்த வரைக்கும் இல்ல. அவ்ளோதான் சொல்ல முடியும்."

அவளே இன்னொன்றும் காட்டினாள். ரௌட்டரில் அவர் முதன்முதலில் எழுதிவைத்த விதியில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. 51413 என்று எழுத வேண்டியதை 51431 என்று எழுதியிருந்தார். மற்ற எல்லாம் சரி. அந்த ஒன்றைத் திருத்தியிருந்தால் வேறு எதையும் திறக்க வேண்டியே இருந்திருக்காது.

பெண்கள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஜமீலா வேறு வீடு பார்த்துக்கொண்டார். அது எங்கே என்று கோகுல்நாத் கேட்டதில்லை. ரஞ்சனி ஐந்து நாள் கழித்து வந்தார். கோபமாகப் பேசவில்லை, அதிகம் பேசவும் இல்லை. இப்போது அந்தக் காகிதங்கள் எந்த இன்டர்நெட்டிலும் சேராத ஒரு லேப்டாப்பில், பூட்டிய அலமாரிக்குள் இருக்கின்றன. சாவி ரஞ்சனியிடம்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், ரஞ்சனியின் போனுக்கு வந்த அழைப்பில் வைஷாலி அவரோடு பேசினாள். நாசிக்கா, நாக்பூரா, எங்கிருந்தோ. ஒரு கடையில் வேலை கிடைத்திருக்கிறது, அவர்கள் தரும் போனை வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

"காகா, இது வழியாக அவனால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று, சித்தப்பாவிடம் கேட்பது போல, மராத்தியில் கேட்டாள்.

முடியாது, பயப்படாதே என்ற வார்த்தைகள் கோகுல்நாத்தின் வாய்வரை வந்தன.

"எனக்குத் தெரியலை, பேட்டா" என்றார். "போனை அணைத்து வை. ப்ரீதி என்று ஒரு பெண் இருக்கிறாள். அவளை உன்னிடம் பேசச் சொல்கிறேன்."