ஒரிஜினல் ஃபாரின் உள்ளான்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் பேருந்துக்காக நிற்கிறேன். எதிரே பறவைகள் சரணாலயத்துக்கு வழி காட்டும் பலகை. அதன் கம்பத்தில் சாய்த்த மொபெட்டில், கால் கட்டிய உள்ளான்கள் கொத்தாகத் தலைகீழாகத் தொங்குகின்றன. உயிரோடுதான். கோடையில் வடகோடிப் பனிநாட்டில் குஞ்சு பொரித்து, மழைக்காலத்தில் நம் கழுவேலி ஏரிச் சேற்றை நம்பி வருகிற சின்னப் பறவைகள் இவை.

சாலையைக் கடந்து கிட்டே போகிறேன். ஒன்றின் காலில் எழுத்து பொறித்த மஞ்சள் வளையம். அந்தப் பனிநாட்டில், மனிதர் கால்வைக்கவே அனுமதி வேண்டிய காப்பகத்தில், யாரோ இதைக் குஞ்சாகக் கையில் ஏந்தி, அடையாளத்துக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அத்தனை காவல் காத்து அனுப்பியது நம் வாணலிக்கா?

“இதப் புடிச்சா கேஸு, தெரியும் இல்ல?” என்று விற்கிறவரிடம் கேட்கிறேன்.

அவர் பதறவில்லை. “மயிலத் தொட்டாதாங்க கேஸு. அது நம்ம நாட்டுப் பறவ. இது வெளிநாட்டுது, இதுக்கு எவன் வந்து கேக்கப் போறான்?”

“வளையம் போட்டவங்க கேப்பாங்க.”

“அட, அதக் காட்டித்தாங்க விக்கிறேன். வளையம் இருந்தா ஒரிஜினல் ஃபாரின்னு கார்க்காரங்க ஜல்தியா வாங்கிக்கினு போறாங்க.”

புகார் கொடுக்கப் படம் எடுக்கிறேன். வளையம் நன்றாகத் தெரியும்படி அவரே பறவையைத் தூக்கிப் பிடிக்கிறார். அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது.

பின்னால் ஒரு கார் வந்து நிற்கிறது. கண்ணாடி இறங்குகிறது.

“ஏம்பா, வளையம் போட்டது ஒண்ணுதான் இருக்கா?”