டவுன் ஸ்கூலா, வேன் ஸ்கூலா

நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. இங்கே பிரான்சில் அதை லிசே என்கிறார்கள். வேலைக்குப் போகும்போது அதன் வாசலைத் தாண்டித்தான் டிராம் பிடிக்க வேண்டும். இரண்டு வருடமாகப் பார்த்தும் ஒரு காட்சி மட்டும் எனக்குப் பழகவேயில்லை. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் கூட்டமாக நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து அவர்களுடைய வாத்தியார் சைக்கிளில் வந்து இறங்குவார். ஒரு கைகூட முதுகுக்குப் பின்னால் போகாது. "போன்ஜூர் மெஸ்யே" என்று வணக்கம் சொல்வார்கள். அவரும் பையைத் துழாவி ஒரு சிகரெட்டை எடுத்து, பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் நெருப்புக் கேட்பார். முதல் தடவை அதைப் பார்த்தபோது நானே தப்புச் செய்துவிட்டதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தேன். புதுச்சேரியில் படித்த காலத்தில், டீக்கடைப் பக்கம் கெமிஸ்ட்ரி சார் வருகிறார் என்று பாதி கிளாஸை அப்படியே வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கமாக ஓடியவன் நான். குடித்தது வெறும் டீதான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பாகூர், வில்லியனூர் பக்கத்திலிருந்து சிலர் என்னிடம் போனில் கேட்டிருக்கிறார்கள். பத்தாவது முடித்த பிள்ளையை டவுன் கவர்மெண்ட் ஸ்கூலில் சேர்க்கலாமா, இல்லை வீட்டு வாசலுக்கே வேன் அனுப்பும் தனியார் பள்ளியில் போடலாமா என்று. பிரான்சில், லியோன் நகரத்தில், ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு நினைப்பு. உண்மையைச் சொல்கிறேன். இந்த வருடம் இதே கேள்வியை என் சொந்தத் தங்கை கேட்டபோது நான் தப்பான பதிலைத்தான் சொன்னேன்.

எங்கள் ஊர் குருவிநத்தம். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். எங்கள் வகையறாவில் இடையில் நிற்காமல் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். நான் பத்தாவது முடித்த வருடம் பக்கத்துப் பள்ளியில் சயின்ஸ் குரூப் நிரம்பிவிட்டது. புதுச்சேரி டவுனில் இடம் இருக்கிறது என்றார்கள். போனேன். பாகூர், கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தமாக நின்று நிரம்பி, பாலத்தைத் தாண்டும்போது பஸ்ஸில் மூச்சு விடவும் இடம் இருக்காது. விடியற்காலையில் கட்டிய சாப்பாடு மதியத்துக்குள் புளித்துவிடும். இதெல்லாம் உடம்புக்குத்தான். மனசுக்கு வந்த கஷ்டம் செருப்பிலிருந்து தொடங்கியது.

எங்கள் ஊர்ப் பள்ளியில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் போவோம். படிக்கிற இடத்துக்குள் செருப்போடு போவதா? டவுன் பள்ளியிலும் முதல் நாள் வாசலில் கழற்றி, ஒழுங்காகச் சுவரோரம் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். மற்ற எல்லோர் காலிலும் ஷூ. முன்பெஞ்சுப் பையன் ஒருவன் என் காலைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, உள்ள அபிஷேகம் நடக்குதா? தேங்கா பழம் எங்கடா?" என்றான். வகுப்பே சிரித்தது. அப்படியும் மறுநாள் என்னால் செருப்போடு உள்ளே போக முடியவில்லை. வாசல்வரை வந்ததும் கால் தானாகவே கழற்றிவிட்டது. அந்த வாரக் கடைசியில் என் செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி இருந்தது. பூரணாங்குப்பத்துப் பையனுடையது. அப்புறம் இன்னும் இரண்டு. யார் யார் கொம்யூனிலிருந்து, அதாவது டவுனுக்கு வெளியே கிராமப் பக்கத்திலிருந்து, வருகிறவர்கள் என்று நான் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. வாசலைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ஆய்வகத்துக்கும் நாங்கள் நால்வரும் வெறுங்காலோடுதான் போனோம். ஊரில் ஆய்வகம் என்றால் எங்களுக்குப் பூட்டிய கண்ணாடி பீரோ. இங்கே மேசை முழுக்க பியூரெட், பிப்பெட், பெயர் ஒட்டிய பாட்டில்கள். கோயிலைவிட அது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. மூன்றாவது வகுப்பில் ஓர் அமிலத் துளி என் கால் கட்டைவிரலில் விழுந்தது. கெமிஸ்ட்ரி சார் என்னை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தி, கால் மரத்துப்போகும்வரை தண்ணீர் விட்டார். அப்புறம்தான் கத்தினார்.

"லேபுக்குள்ள செருப்பு இல்லாம வரச் சொல்லி எவன்டா சொன்னான்?"

"யாரும் சொல்லல சார். படிக்கிற எடம், அதான்..."

"இது சாமி இல்லடா, ஆசிட்டு! கால் வெந்துபோனா எங்க நின்னு படிப்ப? நாலு பேரும் போயி மாட்டிக்கினு வாங்க."

மாட்டிக்கொண்டு வந்தோம். அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் குனியாமல் நிமிர்ந்து நின்று ஒரு கரைசலின் நிறம் மாறுவதைப் பார்த்தேன். இன்று எனக்குச் சோறு போடுவது அந்த நிறமாற்றம்தான்.

என் பரிசோதனைக் கூடத்தில் சில்வி என்று ஓர் அம்மா வேலை செய்கிறார். அவருடைய மகனை லிசேயில் சேர்க்க வேண்டிய வருடம் இது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய அரசுப் பள்ளியா, கன்னியாஸ்திரிகள் நடத்தும் சிறிய தனியார் பள்ளியா என்று இரண்டு மாதமாக மதியச் சாப்பாட்டு மேசையில் அதே பேச்சு. ஒருநாள் என் பள்ளி எப்படி இருந்தது என்று கேட்டார். "அறுபத்திரண்டு பேர்" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அடடா, அவ்வளவு சின்னப் பள்ளியா? அதிர்ஷ்டசாலி! எல்லோரும் உன்னைப் பெயர் சொல்லித் தெரிந்துவைத்திருப்பார்கள்." பள்ளி இல்லை, ஒரு வகுப்பு என்று நான் விளக்கியதும் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

பெயர் சொல்லியா? அங்கே நான் நாற்பத்தேழு. வருகைப் பதிவில் என் எண் அது. காய்ச்சலில் ஒன்பது நாள் படுத்துக் கிடந்துவிட்டுப் போனேன். யாரும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அன்று அது சுருக்கென்று தைத்தது. ஆனால் அதே வகுப்பில் இரண்டு வருடம் முழுக்க, நீ எந்தத் தெரு என்றும் யாரும் கேட்கவில்லை. ஊரில் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் அப்பா யார், எங்கள் தெரு எது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே உட்காருவேன் என்பதும் அதிலேயே முடிவாகிவிடும். நாற்பத்தேழுக்குத் தெரு கிடையாது. நாற்பத்தேழாம் எண் கணக்குப் பாடத்தில் தொண்ணூறு மார்க் வாங்கினால் அது அந்த எண்ணின் மார்க்தான், தெருவின் மார்க் இல்லை. டவுன் பள்ளியின் நல்லதையும் கெட்டதையும் தனித்தனியாகப் பிரித்து எழுத எத்தனையோ முறை முயன்றேன். இந்த ஒன்றை எந்தப் பக்கம் எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் தங்கை பவித்ராவுக்குத் தெரிந்திருந்தது.

பத்தாவது ரிசல்ட் வந்த வாரம் வீடியோவில் கூப்பிட்டாள். அப்பாவும் பக்கத்தில் இருந்தார். நான் பெரிய மனசோடு பேசினேன். "நான் பட்டதெல்லாம் நீ படவேணாம் பாப்பா. வேன் ஸ்கூல்லயே சேரு. நான் பாத்துக்கறேன்."

அப்பாவுக்குப் பரம சந்தோஷம். "அதத்தான் நானும் சொல்றேன். பொம்பளப் புள்ள, வாசல்ல ஏறி வாசல்ல எறங்கணும். பஸ்ஸுல இடிபட்டு டவுனுக்குப் போயி இன்னாத்துக்கு?"

பவித்ரா ஒரு நோட்டைப் பிரித்து காமிராவுக்கு நேராகக் காட்டினாள். நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் நல்லது, மறுபக்கம் கெட்டது என்று எழுதியிருந்தாள். "கெட்டது மொதல்ல படிக்கறேன், கேட்டுக்கோ. பஸ்ஸு கூட்டம். பசி. வூட்டுக்கு வர லேட்டாவும். டவுன் பொண்ணுங்க நக்கல் பண்ணுவாளுங்க. அவ்ளோதான். இப்ப நல்லது. பயாலஜிக்கு டீச்சர் கீறாங்க, லேப் கீது. எந்தத் தெருன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அப்புறம் இது, ரெண்டு பேரும் நல்லா கேளுங்க. முழுக்க கவர்மெண்ட் ஸ்கூல்லயே படிச்ச பசங்களுக்கு டாக்டர் படிப்புல தனியா எடம் வெச்சிருக்காங்க. ஒண்ணாவதுலேருந்து நான் கவர்மெண்ட்டுதான். இந்த ரெண்டு வருசம் வேன்ல போனேன்னு வெச்சுக்கோ, அந்த எடம் போச்சு. பத்து வருசம் படிச்சது வீணா?"

நான் ஊரைவிட்டு வந்தபிறகு வந்த ஏற்பாடு அது. எனக்குத் தெரியவே தெரியாது. வெளிநாட்டில் அண்ணன் இருக்கிறான் என்ற பெருமையில், நல்லது செய்கிறேன் என்று நினைத்து, அவள் போக வேண்டிய கதவை நானே இழுத்துச் சாத்த இருந்தேன். எங்கள் பக்கத்தில் கையில் கொஞ்சம் வசதி வந்ததும் முதலில் செய்யும் காரியம் பிள்ளையைக் கவர்மெண்ட் ஸ்கூலிலிருந்து எடுப்பதுதான். பத்தாவதுக்கு மேல் அப்படி எடுத்தால் என்ன போகும் என்று யாரும் கேட்பதில்லை.

அப்பா விடவில்லை. "டாக்டரெல்லாம் ஆவுறப்போ பாத்துக்கலாம்டி. அண்ணனே சொல்றான் இல்ல?"

"அவரு பஸ்ஸுல தொங்கிக்கினு போயி பிரான்சுக்குப் போவாரு. நான் வேன்ல குந்திக்கினு எங்க போவணும், கல்யாண மண்டபத்துக்கா?" என்றாள். அடுத்து நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். டவுன் பெண்கள் பள்ளியின் விண்ணப்பம். முந்தின நாள் தோழியோடு பஸ் ஏறிப் போய் அவளே வாங்கி வந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "தனியாவா போயிட்டு வந்த?"

"பாண்டிக்குத்தானேப்பா. நிலாவுக்கா?"

அவர் சிரித்துவிட்டார். நான், "அப்பா, நான் சொன்னது தப்பு. அவ சொல்றதுதான் சரி" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதில்லை.

பவித்ரா சேர்ந்துவிட்டாள். விண்ணப்பத்தில் பாதுகாவலர் எண் என்ற இடத்தில் என் பிரான்ஸ் எண்ணை எழுதிவிட்டாள். அப்பாவால் வாட்ஸாப் படிக்க முடியாது, அம்மாவிடம் போன் கிடையாது. அதனால் பதினோராம் வகுப்புப் பெற்றோர் குழுவில் முப்பத்து மூன்று என்று தொடங்கும் ஒரே எண் என்னுடையது. தினமும் என் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தி வரும். நாளை ரெக்கார்டு நோட்டு கொண்டுவரவும். நாளை மழை, விடுமுறை. சில்வி எட்டிப் பார்த்து, பள்ளிப் பெற்றோர் குழு என்று நான் சொன்னதும், உனக்கு எப்போது பிள்ளை பிறந்தது என்று கேட்டார். அவர் மகனும் ரயிலடிப் பள்ளியில்தான் சேர்ந்திருக்கிறான். அறுபத்திரண்டு பேர் வகுப்பில் படித்த நானே இங்கே வந்துவிட்டேன் என்பதும் அதற்கு ஒரு காரணமாம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து, ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். அவர்களுக்குப் பதினொன்றரை மணி, எனக்குக் காலை எட்டு. இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். அப்பா போன் பிடித்திருந்த அழகில் எனக்கு மின்விசிறிதான் தெரிந்தது. வகுப்பாசிரியை குரல் கேட்டது.

"பவித்ரா கார்டியன் யாரு?"

"அவ அண்ணன்தாங்க மேடம். போன்ல கீறான்."

"ஐயோ அப்பா, இருக்காருன்னு சொல்லுப்பா!" என்று பவித்ரா கிசுகிசுத்தாள்.

போன் கைமாறியது. மின்விசிறி சுழன்று மறைந்து, கண்ணாடி போட்ட ஒரு முகம் நேராக என்னைப் பார்த்தது. டவுன் பள்ளி டீச்சர். நான் எழுந்து நின்றுவிட்டேன். யோசித்து நிற்கவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சட்டைக்குக் கீழே கட்டியிருந்த கைலி காமிராவில் முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். பவித்ரா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது.

"பயாலஜில கிளாஸ் ஃபர்ஸ்ட்டு உங்க தங்கச்சி. நல்லா வருவா" என்றார் டீச்சர். அப்புறம், "உக்காருங்க சார், ஏன் நிக்கறீங்க?" என்றார்.

அந்தப் பக்கம் அப்பா, "எங்க டீச்சர், எங்க, எந்த எடத்துல ஃபர்ஸ்ட்டுன்னு போட்டிருக்கு, காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே லியோன் இன்னும் சரியாக விழிக்கவில்லை. கால் இங்கே குளிர்ந்த தரையில் இருந்தது. முதுகு மட்டும் அங்கே, மின்விசிறி ஓடும் அந்த வகுப்பில், நேராக நிமிர்ந்து நின்றது. சரிங்க டீச்சர் என்றேன். உட்காரவில்லை.