வேம்புவின் எழும்பாத கை

மூன்று மாதக் குழந்தையின் அக்குளில், நெருப்பில் காட்டிய மஞ்சள் கொம்பை வைத்து அழுத்த உங்களுக்கு மனசு வருமா? முத்தியால்பேட்டை சக்கரபாணிக்கு வந்தது. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர், வேம்புவின் மாமனார்.

வேம்புவுக்கு இடக்கை தோளுக்கு மேல் எழும்பாது. சின்ன வயதில் கையில் சிரங்கு வந்து அக்குளில் நெறி கட்டியபோது, பெற்றவர்களே சூடு வைத்தார்கள். வெந்த தோல் சுருங்கி இழுத்துக்கொண்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம் பிறவிக் குறை என்று சொல்லச் சொன்னார்கள். “சூடு வச்சது” என்றே சொன்னாள். இரண்டு இடம் தட்டிப்போய், மூன்றாவதாக வந்த வடிவேல் கட்டிக்கொண்டான்.

2004இல் அபி பிறந்தாள். பிறந்ததுமே இடது தோளில் காசநோய்த் தடுப்பூசி போட்டார்கள். மூன்றாம் மாதம் குளிப்பாட்டும்போது அதே பக்கத்து அக்குளில் புளியங்கொட்டை அளவு கட்டி விரலில் தட்டியது.

“ஊசி விஷம் எறங்கி நிக்குது. ஒரு சூடு இழுத்தா அடங்கிடும்” என்றார் சக்கரபாணி.

அடுப்பில் மஞ்சள் கருகியது. அந்த நாற்றம் வேம்புவுக்குப் பழக்கம். வடிவேல் தரையைப் பார்த்தபடி, “அப்பா சொல்றாரு...” என்று இழுத்தான்.

“மொதல்ல ஒங்கப்பா அக்குள்ல வைக்கச் சொல்லு. அடங்குதான்னு பாப்போம்.”

“வாய் நீளுது ஒனக்கு” என்றார் மாமனார்.

“கைதான் நீள மாட்டேங்குது மாமா.”

குழந்தையை வலக்கையில் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். டாக்டரம்மா தடவிப் பார்த்தார். “இந்த ஊசி போட்டா சில கொழந்தைங்களுக்கு நெறி கட்டும்மா. பெரும்பாலும் தானா கரைஞ்சிடும். அமுக்காத, எதையும் பூசாத. பெருசானா, பழுத்தா ஒடனே தூக்கிட்டு வா.”

சில மாதங்களில் கரைந்துவிட்டது.

“வீராம்பட்டினம் ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன், கரைஞ்சிடுச்சி” என்று தெருவெல்லாம் சொன்னார் சக்கரபாணி. கொஞ்சமும் கூச்சமில்லை. அதைக் கேட்டு அடுத்த வீட்டுப் பலராமன் அதே மாதிரிக் கட்டியோடு தன் பேரனைத் தூக்கி வந்தார். “வேண்டுதலோட லேசா ஒரு சூடும் போட்டுடுவோம்” என்று சக்கரபாணி எழுந்தார்.

காறித் துப்பத் தோன்றியது வேம்புவுக்கு. ரவிக்கைக் கையை ஒதுக்கி, இடக்கையை எழும்பிய மட்டும் தூக்கிக் காட்டினாள்.

“பாருங்க பெரியப்பா, இதான் அந்த வைத்தியம்.”

பலராமன் பேரனோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். சக்கரபாணி பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

உங்கள் தெருவிலும் ஒரு வீட்டில் மஞ்சள் கருகும். மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடாதீர்கள். உள்ளே நுழைந்து, சூடு வைக்கப் போகும் கையைப் பிடித்துத் தடுங்கள்.