மழைக்கு முன் எட்டு ஞாயிறு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கட்டும். அந்தக் கோபம் இல்லாமல் போயிருந்தால் எங்கள் பெரியவன் அந்த வருஷம் கோடையைத் தாண்டியிருக்க மாட்டான்.

பெரியவன் என்பது எங்கள் நாய். சின்னவள் என்று இன்னொருத்தியும் உண்டு. வேலம்பாளையத்தில் மாடியில் வீடு, கீழே எங்கள் யூனிட். தைத்து வரும் பனியன்களைச் சரிபார்த்து, இஸ்திரி போட்டு, பண்டல் கட்டி அனுப்புவோம். பெரியவனுக்கு ஆறு வயது. பண்டல் பக்கம் ஒரு வெளியாளையும் அண்ட விடமாட்டான். சின்னவள் தெருவிலிருந்து தானாக வந்து சேர்ந்தவள். யார் வந்தாலும் வாலாட்டுவாள், உதவாக்கரை.

தை மாதக் கடைசியில் ஒருநாள் எங்கள் வீட்டுக்காரர் வேனைப் பின்னால் எடுக்கும்போது பெரியவன் மேல் ஏற்றிவிட்டார். வேண்டுமென்றா செய்தார்? ஷிப்மெண்ட் அவசரம், போன் காதில். பெரியவனின் இடுப்பெலும்பு விட்டுப்போயிற்று. அறுவை சிகிச்சை செய்து, கட்டுப் போட்டு, இரண்டு மாதம் கழித்து மாட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். ஊரில் எல்லா மிருகத்துக்கும் அவர்தான்.

"எலும்பு கூடிருச்சுங்க. கால்ல உணர்வும் இருக்குது. ஆனா நடக்கோணும்னு அதுக்கே தோணோணும். தண்ணியில எறக்கி நடக்க வைங்க, மணல்ல நடந்தா இன்னும் நல்லது. மழைக்குள்ள தானா எந்திரிச்சு நாலு அடி வெக்கலைன்னா, படுத்த எடத்துலயே புண்ணு வந்துரும். அப்பறம் அதை வெச்சுட்டு இருக்கறது பாவமுங்க" என்றார்.

பாவம் என்றால் என்ன என்று எனக்கும் தெரியும், எங்கள் வீட்டுக்காரருக்கும் தெரியும். ஒரு ஊசி. வண்டியில் வரும்போது அவர் மெதுவாக ஆரம்பித்தார். "ஏம்புள்ள, அதைப் போட்டு இமிசை பண்ண வேண்டாம்" என்றார். நான் வாயே திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் முடிவு எடுத்துவிட்டேன் என்று அர்த்தம். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அதையாவது அவர் படித்திருக்கிறார்.

முதலில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டையும் தொட்டிச் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு, வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி நின்றான். பின்னங்கால்கள் அசையவே இல்லை. சாயத் தண்ணீர் ஓடும் எங்கள் ஊர் ஆற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளை நாயை இறக்கினால் என்ன கலரில் திரும்பி வருமோ தெரியாது. மணலும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்றால் கடல்தான். பாலக்காட்டைத் தாண்டிப் போனால் நாலு மணி நேரத்தில் மேற்குக் கடல் வந்துவிடும். அங்கே ஜூன் பிறந்தால் மழை, கடல் கொந்தளிக்கும், யாரும் கால் வைக்க முடியாது. அதற்குள் எட்டு ஞாயிறு இருந்தது. எட்டுக்கும் போவது என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

விடியக்காலம் நாலு மணிக்குப் புறப்பாடு. பனியன் பண்டல் போகும் அதே வேனில் பின்னால் பழைய மெத்தையைப் போட்டுப் பெரியவனைப் படுக்க வைத்தேன். சின்னவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. வாளையாறு எல்லைச் சாவடியில் போலீஸ்காரர் ஒருத்தர் நிறுத்தி, "என்ன லோடு?" என்று கேட்டுக் கதவைத் திறந்தார். சின்னவள் அவர் முகத்தை நக்கினாள். "கடலுக்குப் போறோமுங்க" என்றேன். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அடுத்தடுத்த வாரங்களில் எங்கள் வண்டி வந்தால் கையை மட்டும் அசைப்பார்.

கடலைப் பார்த்ததும் சின்னவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு அலையையும் தனித்தனியாகக் குரைத்து விரட்டினாள். அலை பின்வாங்கும்போது தான்தான் ஜெயித்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். நண்டு வளை ஒன்று விடாமல் தோண்டி, மூக்கில் கடி வாங்கி, மறுபடி தோண்டினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெரியவன் மெத்தையில் படுத்தபடி அவளையே பார்த்தான். அந்தப் பார்வையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அவனைத் தண்ணீரில் தாங்கிப் பிடிக்க ஒரு தூளி தைத்து எடுத்துப் போயிருந்தேன். வயிற்றுக்கு அடியில் கொடுத்து, இரண்டு பக்கமும் மேலே இழுத்து, பின்னுடம்பைத் தூக்கிப் பிடிக்கலாம். பனியன் கழுத்துக்கு வைக்கும் ரிப் துணியில் நாலு மடிப்பாக, ஓவர்லாக் மிஷினில் நானே தைத்தது. எங்கள் ஊரில் கைக்குட்டை வேண்டுமென்றாலும் பனியன் துணி, கரித்துணி என்றாலும் பனியன் துணி. வேறு துணி உலகத்தில் இருப்பதே எங்களுக்கு நினைவுக்கு வராது. மெத்தென்று இருக்கிறது, அவனுக்கு உறுத்தாது என்று பெருமை வேறு.

இடுப்பளவு தண்ணீருக்குப் போனதும் துணி நனைந்தது. நனைந்த ரிப் துணி என்ன செய்யும் என்று வேலம்பாளையத்தில் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நீண்டது. நீண்டுகொண்டே போயிற்று. தூளியின் முனை என் நெஞ்சுக்கு நேராக இருக்க, பெரியவன் என் முழங்காலுக்குக் கீழே போய்விட்டான். பின்பக்கமாக மூழ்கினான். உப்புத்தண்ணீர் குடித்துவிட்டான். நான் குனிந்து வாரிப் பிடிப்பதற்குள் அவன் வலது பின்னங்கால் என் தொடையில் ஒரு உதை விட்டது. ஒரே உதைதான். ஆனால் உதைதான்.

கரைக்குத் தூக்கி வந்து, "உதைச்சானுங்க! என்ற கால்ல உதைச்சானுங்க!" என்று கத்தினேன். எங்கள் வீட்டுக்காரர் தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கடலைப் பார்த்து உட்காரமாட்டார், வண்டியைப் பார்த்துத்தான் உட்காருவார். "அலை அடிச்சிருக்கும்" என்றார். பிறகு தூளியைத் தூக்கிப் பார்த்தார். அது அவர் கையிலிருந்து மணல் வரை தொங்கியது. "இருவது வருசமா பனியன்லயே கெடக்கற, இது நீளும்னு தெரியாதா புள்ள? நாயக் கொல்லப் பாத்தயே" என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. யார் யாரைச் சொல்வது என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த வாரம் பல்லடத்திலிருந்து தறித்துணி வாங்கி வந்தேன். நீளாது, சுருங்காது, யானையைக் கட்டித் தூக்கலாம். இரண்டாவது ஞாயிறு, மூன்றாவது, நாலாவது என்று அதில்தான் பிடித்து நடத்தினேன். பெரியவன் சொகுசாக வந்தான். என் தோள்பட்டை இரண்டும் வீங்கிப்போயிற்று. உதை மட்டும் இல்லவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் ரோமத்தில் இருந்த உப்பைக் கழுவித் துடைத்து, காலை நீட்டி மடக்கி, "நாளைக்குப் பாரு சாமி" என்பேன். திங்கட்கிழமை அந்த வண்டியிலேயே பண்டல் போகும். காதர்பேட்டையிலிருந்து கடைக்காரர் ஒருத்தர் போன் செய்து, "ஏனுங்க, பனியன்ல கருவாட்டு வாசம் அடிக்குதுங்களே" என்றார். கடல் காற்று உடம்புக்கு நல்லதுங்க என்று சொல்லி வைத்தேன்.

அந்தக் கரையில் வலை உலர்த்தும் மீன்காரர் ஒருத்தர் நாலு வாரமாக என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் பேசும் மலையாளம் பாதி புரியும், மீதியைக் கையால் சொல்வார். நாலாவது ஞாயிறு அவர் என்னைக் காட்டி விரலால் நடந்து காட்டினார். பெரியவனைக் காட்டிக் கன்னத்தில் கை வைத்துத் தூங்கிக் காட்டினார். "சேச்சி நடக்குது. நாய் உறங்குது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஆளை மனசுக்குள் திட்டினேன். வாளையாறு வந்தபோது திட்டு தீர்ந்துபோய், அவர் சொன்னது மட்டும் மிச்சம் இருந்தது. நான் முழுதாகத் தாங்கினால் அவன் கால் எதற்காக அசைய வேண்டும்? நீண்டு போன அந்தத் துணியில்தான் அவன் உதைத்தான்.

அன்றைக்கே உட்கார்ந்தேன். எந்தத் துணியையும் வெட்டுவதற்கு முன்னால் ஒரு துண்டை நனைத்து, எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து, அதற்குத் தகுந்த அளவு விட்டு வெட்டுவதுதான் எங்கள் ஊர்த் தொழில். சுருங்குவதற்குத்தான் எப்போதும் விடுவார்கள். நான் முதல் தடவையாக நீளுவதற்கு விட்டேன். வாளியில் உப்புப் போட்டு ரிப் துணியை ஊற வைத்து, பெரியவன் பின்பக்கத்து எடைக்கு ஒரு அரிசி மூட்டையைக் கட்டித் தொங்க விட்டு, டேப் வைத்து அளந்தேன். நனைந்து நீண்ட பிறகு அவன் பாதம் மணலைத் தொட வேண்டும். உதைத்தால் உடம்பு மேலே வர வேண்டும். சும்மா இருந்தால் தாடை வரை தண்ணீர் வர வேண்டும். அந்த அளவுக்கு வெட்டினேன். செக்கிங் பெண்கள் கூடி நின்று பார்த்தார்கள். மூன்றாவது தூளிதான் சரியாக வந்தது.

ஐந்தாவது ஞாயிறு பெரியவன் என்னை முறைத்தான். தாடைக்குத் தண்ணீர் வந்ததும் வலது காலால் உதைத்தான், பிறகு மறுபடி. ஆறாவது ஞாயிறு இடது காலும் சேர்ந்துகொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, கடல் தண்ணீரில் யாருக்கும் தெரியவில்லை. ஏழாவது ஞாயிறு கால்கள் மாறி மாறி மணலைத் தள்ளின. ஆனால் கரைக்கு வந்தால் பழைய கதைதான். தண்ணீருக்குள் நடப்பான், மணலில் தொப்பென்று விழுவான். "தானா எந்திரிச்சு" என்றல்லவா டாக்டர் சொன்னார்.

எட்டாவது ஞாயிறு வானம் கருகருவென்று இருந்தது. படகுகளையெல்லாம் மேட்டில் ஏற்றிவிட்டார்கள். மீன்காரர் ஓடி வந்து, "சேச்சி, கடல் இன்னைக்கு வேண்டாம்" என்று கையை விரித்து மறித்தார். நான் கேட்பவளா? முழங்கால் அளவில் நின்றுகொள்கிறேன் என்று இறங்கினேன். வந்த அலை என்னையும் நாயையும் சேர்த்துச் சுருட்டியது. எங்கள் வீட்டுக்காரர் செருப்போடு ஓடி வந்து ஒரு கையில் என் தலைமுடியையும் மறு கையில் பெரியவன் கழுத்துப் பட்டையையும் பிடித்து இழுத்துப் போட்டார். "போதும் புள்ள! போதும்!" என்று கத்தினார். அவ்வளவு சத்தமாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. நான் மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எட்டு ஞாயிறும் தீர்ந்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். சாப்பிடத் தோன்றவில்லை. அப்போது கடற்கரை நாய் ஒன்று, காது கிழிந்த முரட்டுப் பயல், பதுங்கி வந்து பொட்டலத்தில் வாயை வைத்தது. சின்னவள் வழக்கம்போல வாலாட்டி வரவேற்றாள்.

பெரியவன் எழுந்தான். என்மேல் உள்ள பாசத்தில் எழுந்தான் என்று எழுத எனக்கும் ஆசைதான். பொய் சொல்லக் கூடாது, இட்லிக்காகத்தான் எழுந்தான். பின்பக்கம் கோணலாக, நடுங்கிக்கொண்டே, ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடியில் இடது கால் மடங்கியது. நிமிர்த்திக்கொண்டு ஐந்தாவதையும் வைத்தான். யூனிட்டே அதிரும் அந்தப் பழைய குரலில் ஒரு குரைப்பு. முரட்டுப் பயல் ஓடியே போய்விட்டான். அதற்குப் பிறகுதான் பெரியவன் உட்கார்ந்தான்.

நான் அவனைக் கட்டிக்கொண்டு, "என்ற கண்ணு, என்ற சாமி" என்று என்னென்னவோ உளறினேன். திரும்பிப் பார்த்தால் எங்கள் வீட்டுக்காரரைக் காணோம். வேனுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"டாக்டருங்களா? நாளைக்கு வர வேண்டாமுங்க. ஆமாங்க. எந்திரிச்சுட்டானுங்க."

வர வேண்டாம் என்று சொல்ல வேண்டுமென்றால் முன்னாலேயே ஊசியோடு வரச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வண்டி பாலக்காட்டைத் தொட்டது. பின்னால் இரண்டு நாய்களும் குறட்டை விட்டுத் தூங்கின. மழை பிடித்துக்கொண்டது.

"எத்தன மணிக்கு வரச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பத்து மணிக்கு."

"நான் கீழ செக்கிங்ல இருக்கற நேரம்."

அவர் ரோட்டையே பார்த்தார். "ஏத்துனது நானு. அவன் கூட நானே இருந்து முடிச்சரலாம்னு நெனச்சேன். நீ பாக்க வேண்டாம்னு" என்றார். கண்ணைத் துடைக்கக்கூட ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அன்றைக்குக் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்ததைத் தவிர, நாலு மாதமாக அவர் பெரியவனைத் தொட்டுத் தூக்கியதே இல்லை, எல்லாம் நானும் செக்கிங் பெண்களும்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்த லட்சணத்தில், எனக்குக் கண் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை பத்து மணிக்கு நான் செக்கிங் டேபிளுக்குப் போகவில்லை. பெரியவனை வாசலில் படுக்க வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கையைப் பிடித்து அவன் இடுப்புக்கு அடியில் வைத்தேன். "இனிமே தினமும் பத்து மணிக்கு நீங்கதான் எழுப்போணும்" என்றேன். அவர் கையை எடுக்கப் பார்த்தார். நான் விடவில்லை.