மெரேவுக்கு மந்தம் என்று பெயர் வைத்தார்கள்

கணினி தூங்கினால் யாரை எழுப்புவீர்கள்? கணினியையா, எதிரில் உட்கார்ந்திருப்பவரையா?

சுவா நகரில் தீவுகளுக்குப் படகு விடும் ஒரு கம்பெனி எதிரில் இருப்பவரைத்தான் எழுப்பியது. அவர் பெயர் மெரேவலேசி, ஒப்பந்த ஊழியர். படகோட்டிகள் வானொலியில் காற்று நிலவரம் கேட்டால், கணக்குக் கட்டளைகளைத் தட்டும் பைதான் ஷெல் என்ற திரையை ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறந்து கணக்கிட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. அது திறப்பதற்குள் படகோட்டி வசவை முடித்துவிடுவார். இந்த மந்தம் தொடர்ந்தால் ஒப்பந்தம் நீளாது என்று எச்சரித்துவிட்டார்கள்.

வெயில், கடலடி இணையக் கம்பி, பழைய கணினிப் பெட்டி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மெரே மட்டும் சோதித்தார். ஷெல் திறக்கும்போதெல்லாம் தானாக ஓடும் தொடக்கக் கோப்பை ஒதுக்கிவிட்டுத் திறந்தார். கண் இமைக்குமுன் திறந்தது.

அந்தக் கோப்பை எழுதியவர் மேலாளர் ஃபிலிமோனி; அவர் அனுமதி இல்லாமல் அதை நீக்கவோ ஒதுக்கிவைத்து வேலை செய்யவோ முடியாது. அன்றைய வேத வசனத்தைப் பழைய அலுவலகக் கணினியிலிருந்து கொண்டுவரும்படி அதில் எழுதியிருந்தார். அந்த அலுவலகத்தையே இடித்தாகிவிட்டது. ஷெல் ஒவ்வொரு முறையும் அங்கே போய்க் கதவைத் தட்டி, காத்திருந்து, நம்பிக்கை இழந்த பிறகே திறந்தது. மேலாளர் காலையில் ஒருமுறை திறந்தால் மாலைவரை மூடாதவர்; வசனம் வராததுகூட அவர் கண்ணில் படவில்லை.

பெரியவர் தவறை நேராகச் சொல்வது இங்கே மரியாதை இல்லை. ஆனால் அவர்கள் இருவர் ஊரும் தவுவு முறை: எவ்வளவு கேலி செய்தாலும் கோபிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை, யங்கோனா என்ற வேர்ப் பானம் நிறைந்த சட்டியைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்ததும் ஃபிலிமோனியே தொடங்கினார்.

"ஏ தவுவு, உங்க ஊர்ல ஆமைதான் தபால்காரராமே?"

"எங்க ஆமை தன் முதுகு ஓட்டை மட்டும்தான் சுமக்கும் தவுவு. உங்க கோப்பு இடிச்ச கட்டடத்தையே சுமக்குது. அதை எடுங்க, ஷெல் பறக்கும்!"

"அடியேய், குத்துறா பாருங்கடா!"

அறையே சிரித்தது. மெரேவுக்குக் கூடுதலாக ஒரு கிண்ணம் கிடைத்தது. திங்களன்று சோதனை முடிவை அச்சிட்டு மேலாளர் மேசையில் வைத்தார்.

"இன்னும் விடலையா நீ?" என்று மேலாளர் மறுபடி சிரித்தார்.

கேலிக்கு அங்கே முழுச் சுதந்திரம் உண்டு. கேலியில் வந்த உண்மைக்கு இல்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை; காரணம், "பதில் தருவதில் மந்தம்." இப்போது அந்த மேசையில் வேறொருவர். அவரும் மந்தமாம்.

உங்களுக்குக் கீழே யாராவது வேலை செய்கிறார்களா? அவரை மந்தம் என்று எழுதுமுன், அவருடைய நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். அதே கணினியை நீங்களே மூடி, நீங்களே திறந்து பாருங்கள்.