வெள்ளை ஷூவில் நடந்தவள்

பாட்டு வீடியோக்களில் விட்டுப் போவது ஏன் எப்போதும் பெண்ணாகவே இருக்கிறது? என் தோழி ஹேசுக் ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

தென் கொரியாவின் சோல் நகரில் பாட்டு வீடியோக்களுக்குச் செட் பொருள் சேர்ப்பது அவள் வேலை. உடைக்க வேண்டிய கோப்பை, கழற்றி எறிய வேண்டிய ஜோடி மோதிரம், எரிக்க வேண்டிய புகைப்படம் எல்லாம் அவள் கையால் வந்தவை. டைரக்டர் பியோ கியுவோன் அவளுடைய பழைய காதலன். காதலித்த காலத்தில் அவன் பிறந்தநாளுக்கு வெள்ளை ஷூ வாங்கிக் கொடுத்தாள். "ஷூ குடுத்தா அதப் போட்டுக்கிட்டே ஓடிருவான்டி" என்று தோழிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள்; அந்த ஊரில் அப்படி ஒரு நம்பிக்கை. அப்படியே ஓடினான், இன்னொருத்தியிடம்.

அவனுடைய புதுப் பாட்டில் கதை தலைகீழ். காதலன் வெள்ளை ஷூ கொடுக்கிறான். காதலி அதை மாட்டிக்கொண்டு போகிறாள். அவன் மழையில் அழுகிறான். அவள் முடியைக் கத்தரித்துக்கொண்டு ரயில் ஜன்னலில் சிரிக்கிறாள். இது யார் கதை என்று யூனிட்டுக்கே தெரியும். ஓடுகாலி என்ற பெயர் இனி ஹேசுக்குக்குத்தான்.

"யாரு யாருக்கு ஷூ குடுத்தாங்க, டைரக்டர்?" என்று கேட்டாள் ஹேசுக்.

"பாட்டுக்கு எது எடுபடுமோ அதத்தான் எடுப்பேன். நீங்க பொருளக் கொண்டாங்க, போதும்."

கொண்டுவந்தாள். அதே மாதிரி வெள்ளை ஷூ, ஆனால் அவனுடைய அளவில். நடிகை காலை நுழைத்து ஓரடி வைத்ததும் குதிகால் ஷூவிலிருந்து நழுவி வெளியே வந்தது.

கு என்ற லைட்மேன் வாய்விட்டுச் சிரித்தான். "அட, இது டைரக்டர் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச ஷூ மாதிரில்ல இருக்கு!"

கியுவோன் முகம் கறுத்தது. "வேணும்னே பண்றீங்களா?"

செட்டில் அதுவரை அவள் 'நீங்க'வைத் தாண்டியதில்லை. "ஆமாடா. ஓடினது நீ. பழிய எதுக்கு என் தலையில கட்டுற?"

கியுவோன் வாசலைக் காட்டினான்.

"வெளிய போ. இனி எந்த செட்லயும் உன்னப் பாக்கக் கூடாது."

வேறு ஷூ தேட நேரமில்லை. நுனியில் காகிதத்தைத் திணித்து எடுத்து முடித்தார்கள். அதன்பின் அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இப்போது சமையல் பாத்திரம் விற்கும் டிவி நிகழ்ச்சிக்கு மேசை அலங்கரிக்கிறாள்.

வீடியோவோ பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. வாசலில் நடிகையின் கால் தடுமாறும் அந்த இடத்தைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள்: "பிரிய மனசில்லாம எப்படித் தயங்குறா பாருங்க!"

அது தயக்கம் இல்லை. அது ஆம்பளை ஷூ. அந்த வீடியோவைப் பார்த்துக் கண்கலங்குகிறவர் யாராவது உங்கள் பக்கத்தில் இருந்தால், தயவுசெய்து இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.